தந்தையில்லா மக்காச்சோளம்

சாலையோரத்தில் தணலில் வாட்டி, உப்பும் மிளகாய்த் தூளும் எலுமிச்சம்பழமும் தேய்த்துக் கொடுக்கும் மக்காச்சோளக் கதிரை நீங்கள் வாங்கித் தின்றிருப்பீர்கள். அடுத்த முறை பச்சைக் கதிர் ஒன்று கையில் கிடைத்தால், மேலுறையை உரிக்கும்போது உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டு நூல் போன்ற முடியைச் சற்றுக் கவனியுங்கள். ஒவ்வொரு முடியும் ஒரு மணியிலிருந்து புறப்பட்டு வந்தது. ஐந்நூறு மணி உள்ள கதிரில் குறைந்தது ஐந்நூறு முடி இருந்திருக்க வேண்டும். செடியின் உச்சியில் உள்ள ஆண் பூக்களிலிருந்து காற்றில் பறந்து வரும் மகரந்தத் தூள் அந்த முடியின்மேல் விழுந்து, முளைத்து, மெல்லிய குழாயாக உள்ளே நீண்டு, அடியில் காத்திருக்கும் சூலைச் சேர்ந்தால்தான் அங்கே ஒரு மணி உண்டாகும். ஆகவே ஒரே கதிரில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு மணிகளுக்கு ஒரே தாய். ஆனால் தந்தைகள் வேறு வேறாக இருக்கலாம்.

அப்படியானால் தந்தையே இல்லாத மணி இருக்க முடியுமா? முடியும். மகரந்தம் வந்து சேர்ந்த பிறகும் கூட, தந்தையின் பங்கு சிறிதும் இல்லாத கரு சில மணிகளில் உண்டாகிறது. மகரந்தத்தில் உள்ள ஒரு ஜீன் பழுதாகிப் போனதுதான் இதற்குக் காரணம். பழுதான ஜீன் என்றால் நோய், ஊனம் என்றே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். இந்தப் பழுதையோ, பயிர்ப் பெருக்க விஞ்ஞானிகள் பொன்போலப் போற்றிப் பாதுகாக்கிறார்கள். ஏன் என்று தெரிய வேண்டுமானால் முதலில் கொஞ்சம் தாயம் ஆட வேண்டும்.

புளியங்கொட்டை ஆட்டம்

புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் தரையில் உரசி, வெள்ளை தெரியும்படி செய்து தாயம் ஆடுவது உங்களுக்குத் தெரியும். அப்படி இரண்டு கொட்டைகளை எடுத்துக் கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஜீனும் ஒரு செடியில் இரண்டு படிகளாக இருக்கிறது. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. இரண்டு படிகளும் ஒன்றுபோல இருந்தால் அந்த ஜீனைப் பொறுத்தவரை செடி ‘தூயது’. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு என்று இருந்தால் ‘கலப்பு’. இப்போது நம்மிடம் 32 கலப்புச் செடிகள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஒவ்வொரு செடியின் மகரந்தத்தையும் அதன் கதிரிலேயே தூவி, தனக்குத் தானே கருவுறச் செய்கிறோம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே ஒரு விதையை எடுத்து விதைக்கிறோம். அந்த விதை எப்படி இருக்கும்? கொட்டைகள் இரண்டையும் உருட்டிப் பாருங்கள். இரண்டும் வெள்ளை விழுந்தால் தூய வெள்ளை. இரண்டும் கறுப்பு விழுந்தால் தூய கறுப்பு. ஒன்று வெள்ளை ஒன்று கறுப்பு விழுந்தால் அது இன்னும் கலப்புத்தான்.

32 முறை உருட்டினால் ஏறக்குறைய 16 செடிகள் தூயவை ஆகிவிடும். அவற்றை விட்டுவிடலாம். தூயது மறுபடி கலப்பாகாது. மீதியுள்ள கலப்புச் செடிகளுக்கு மட்டும் மறுபடி உருட்டுங்கள். 16 என்பது 8 ஆகும், பிறகு 4, பிறகு 2, பிறகு 1. சரியாக இப்படியே விழாது. கொட்டை தன் இஷ்டப்படிதான் விழும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் பாதி குறைவதை நீங்களே காண்பீர்கள். ஐந்து சுற்று முடிந்த பிறகும் ஒன்றிரண்டு கலப்புச் செடிகள் பிடிவாதமாக நிற்கக் கூடும்.

இது ஒரே ஒரு ஜீனுக்கு ஆடிய ஆட்டம். மக்காச்சோளத்தில் ஜீன்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். அவற்றில் பெற்றோருக்கிடையே வேறுபடுகிற ஜீன்கள் எல்லாமே தூயதாக வேண்டும். அதனால்தான் ஒரு தூய கால்வழியை உண்டாக்க ஆறு முதல் எட்டுத் தலைமுறை வரை தன் மகரந்தச் சேர்க்கை செய்ய வேண்டியிருந்தது. உருட்டல் ஒன்று என்று நாம் சொல்வது வயலில் ஒரு பருவம். விதைக்க வேண்டும், பூக்கும்வரை காத்திருக்க வேண்டும், வேறு மகரந்தம் விழாதபடி ஒவ்வொரு கதிருக்கும் காகித உறை மாட்ட வேண்டும், முற்றியபின் அறுக்க வேண்டும்.

தூய கால்வழி எதற்கு என்று கேட்பீர்கள். 1908-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஷல் என்பவர் காட்டிய வழி இது. இரண்டு தூய கால்வழிகளைத் தனித்தனியே உண்டாக்கி, பின்பு ஒன்றோடொன்று கலந்தால், பிறக்கும் செடிகள் பெற்றோர் இருவரையும்விட வாளிப்பாக வளரும். வயல் முழுவதும் ஒரே உயரம் இருக்கும், ஒரே சமயத்தில் முற்றும். கடையில் விற்கும் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை இதுதான். பெற்றோர் தூயதாக இல்லாவிட்டால் இந்த ஆண்டு விற்ற விதைக்கும் அடுத்த ஆண்டு விற்கும் விதைக்கும் சம்பந்தம் இருக்காது.

ஆறு பருவம் காத்திருக்க முடியாதபோது

2011 செப்டம்பரில் கென்யா நாட்டின் பொமெட் பகுதியில் மக்காச்சோளப் பயிர் விசித்திரமாகக் காயத் தொடங்கியது. இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் கருகின. கதிர்களில் மணி பிடிக்கவில்லை. பிடித்தவையும் சுருங்கிப் போயின. இரண்டு வைரஸ்கள் ஒரே செடியில் சேர்ந்து தாக்கியதால் வந்த நோய் அது. தனித்தனியே வந்தால் பயிர் ஓரளவு தாங்கும். சேர்ந்து வந்தால் தப்பாது. நமக்கு அரிசி எப்படியோ அப்படி அந்நாட்டு மக்களுக்கு மக்காச்சோளம். அதைக் களியாகக் கிண்டி அன்றாடம் உண்கிறார்கள். அப்போது விவசாயிகள் கையில் இருந்த ரகங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த நோயைத் தாங்கவில்லை.

எங்கோ ஒரு பழைய ரகத்தில் எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டதாக வைத்துக் கொள்வோம். அதை நல்ல விளைச்சல் தரும் ரகத்தோடு கலந்து, புளியங்கொட்டை ஆட்டத்தை ஆறேழு பருவம் ஆடி, தூய கால்வழி எடுத்து, அதிலிருந்து ஒட்டு விதை உண்டாக்கி விவசாயிக்குக் கொடுப்பதற்குள் எத்தனை ஆண்டுகள் ஓடிவிடும்! அதுவரை அவர்கள் எதைச் சாப்பிடுவது? ஒரே உருட்டலில் தூய செடி கிடைக்க வழி உண்டா என்ற கேள்வி இங்கே பசியோடு சம்பந்தப்பட்ட கேள்வியாகிவிடுகிறது.

இப்போது கொட்டைகளில் ஒன்றைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் உருட்டுங்கள். வெள்ளை விழுந்ததா? அதைப் போலவே இன்னொரு வெள்ளையைப் பக்கத்தில் வையுங்கள். கறுப்பு விழுந்ததா? இன்னொரு கறுப்பை வையுங்கள். எது விழுந்தாலும் ஜோடி ஒன்றுபோலத்தான் இருக்கும். கலப்பு என்பதற்கே இடமில்லை. ஒரு ஜீனுக்கு மட்டுமல்ல, முப்பதாயிரம் ஜீன்களுக்கும் ஒரே உருட்டலில் தூய்மை!

இந்தத் தந்திரத்தைச் செடியில் செய்வதற்குத்தான் ‘ஹாப்லாய்டு’ எனப்படும் ஒற்றைமடிச் செடி வேண்டும்.

ஊமத்தையில் தொடங்கிய கதை

மக்காச்சோளச் செடியின் ஒவ்வொரு செல்லிலும் 20 குரோமோசோம்கள் உண்டு. மகரந்தத்தில் 10, சூலின் முட்டையில் 10. இரண்டும் சேர்ந்து 20. தந்தையின் 10 வந்து சேராமல், முட்டையின் 10 மட்டுமே வைத்துக்கொண்டு வளரும் செடி ஒற்றைமடிச் செடி. அது குட்டையாக, மெலிந்து, இலைகள் விறைத்து நிற்க, பரிதாபமாக வளரும். அதில் மகரந்தம் பெரும்பாலும் உண்டாகாது. ஜோடி சேர ஆளில்லாத குரோமோசோம்கள் பாலணுக்கள் உண்டாகும் நேரத்தில் தாறுமாறாகப் பிரிந்து போவதே காரணம்.

பூக்கும் செடிகளில் இப்படி ஒன்று இருப்பதை முதன்முதலில் 1922-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் பிளேக்ஸ்லியும் அவருடன் பணியாற்றியவர்களும் அறிவித்தார்கள். அது ஓர் ஊமத்தைச் செடி. 24 குரோமோசோம்கள் இருக்க வேண்டிய இடத்தில் 12 மட்டுமே இருந்தன. பிறகு 1964-ல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் சதீஷ் மகேஸ்வரியும் இளம் மகரந்தப் பைகளைச் சோதனைக் குழாயில் வளர்த்தபோது, மகரந்தத் துகளிலிருந்தே குட்டிக் கருக்கள் முளைத்து வந்தன. அவை தாயின் பங்கு இல்லாத ஒற்றைமடிச் செடிகள். உலகம் முழுவதும் புகழ் பெற்ற அந்தக் கண்டுபிடிப்பும் ஊமத்தை இனத்தில்தான் நடந்தது. வேலியோரத்தில் யாரும் சீண்டாமல் நிற்கும் ஊமத்தைக்கு விஞ்ஞான வரலாற்றில் இரண்டு முறை இடம் கிடைத்திருக்கிறது!

மகரந்தப் பை வளர்ப்பு முறை புகையிலை, நெல், வாற்கோதுமை முதலிய பயிர்களில் நன்கு பலித்தது. மக்காச்சோளம் மட்டும் முரண்டு பிடித்தது. சில ரகங்கள் சோதனைக் குழாயில் இசைந்தன, பெரும்பாலானவை இசையவில்லை. வயலில் தானாகவே உண்டாகும் ஒற்றைமடிச் செடிகளைத் தேடலாம் என்றால், ஆயிரம் செடிகளில் ஒன்று கிடைப்பதே அரிது.

ஆறாம் எண் கால்வழி

1959-ல் அமெரிக்காவின் மிசௌரியில் எட்வர்ட் கோ என்ற மரபியல் விஞ்ஞானி ஒரு சிறிய செய்தியை வெளியிட்டார். அவரிடம் ‘ஸ்டாக் 6’ என்ற ஒரு மக்காச்சோளக் கால்வழி இருந்தது. அதற்குப் பெயர்கூட யாரும் வைக்கவில்லை, வெறும் எண்தான். அதன் மகரந்தத்தை எந்தச் செடியின் கதிரில் தூவினாலும், விளைந்த மணிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று ஒற்றைமடியாக இருந்தன. ஆயிரத்தில் ஒன்று எங்கே, நூற்றில் மூன்று எங்கே!

விந்தை என்னவென்றால், பிறந்த ஒற்றைமடிச் செடிகளில் ஸ்டாக் 6-ன் ஜீன்கள் ஏதும் இல்லை. அவை முழுக்க முழுக்கத் தாயின் வாரிசுகள். கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை பந்தலைப் போட்டுக் கொடுத்துவிட்டு, தாலி கட்டாமல் போன கதைதான்.

‘பந்தல்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மகரந்தக் குழாயின் வழியே இரண்டு விந்தணுக்கள் உள்ளே வருகின்றன. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று வேறு இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து கருவூணாகிறது. நாம் மக்காச்சோளத்தில் தின்பது பெரும்பாலும் இந்தக் கருவூணைத்தான். குழந்தைச் செடிக்கு அதுவே கட்டுச்சோறு. ஸ்டாக் 6-ன் மகரந்தம் வந்தால், சில மணிகளில் கருவூண் முறைப்படி உண்டாகிவிடுகிறது. கருவில் மட்டும் தந்தையின் பங்கு காணாமல் போகிறது. கட்டுச்சோறு இருப்பதால் மணி பொக்காகாமல் முற்றுகிறது, விதைத்தால் முளைக்கிறது.

ஆனால் நூற்றில் மூன்று மணிகளை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாவற்றையும் விதைத்து, வேர் நுனியை எடுத்து நுண்ணோக்கியில் குரோமோசோம்களை எண்ணிக் கொண்டிருந்தால் ஆயுள் போதாது. 1966-ல் நந்தா, சேஸ் என்ற இருவர் இதற்கு அழகான வழியைக் காட்டினார்கள். மணிக்கு ஊதா நிறம் தரும் ஒரு ஜீன் மக்காச்சோளத்தில் உண்டு. அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் பெயரால் அதை அழைக்கிறார்கள். அது மணியின் உச்சந்தலையில் ஒரு குல்லாய் போட்டதுபோல ஊதாவைப் பூசும். உள்ளிருக்கும் கருவுக்கும் ஊதா தரும். இந்த ஜீன் உள்ள கால்வழியின் மகரந்தத்தை, நிறமில்லாத மணி உள்ள செடியின் கதிரில் தூவுகிறோம். இப்போது மணிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். உச்சியும் கருவும் ஊதாவாக இருந்தால், தந்தை இரண்டு இடத்துக்கும் வந்திருக்கிறார். அது சாதாரண ஒட்டு மணி. எங்குமே ஊதா இல்லையென்றால், எங்கிருந்தோ வேற்று மகரந்தம் புகுந்துவிட்டது, தூக்கி எறியுங்கள். உச்சி ஊதா, கரு வெள்ளை என்றால்? கருவூணுக்கு வந்த தந்தை கருவுக்கு வரவில்லை. நாம் தேடியது அதுதான்!

நுண்ணோக்கி வேண்டாம், ரசாயனம் வேண்டாம். கூர்மையான கண்ணும் பொறுமையும் உள்ள யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம். கல் பொறுக்கி அரிசி புடைத்துப் பழகிய கைகளுக்கு இது பெரிய வித்தை அல்ல. ஆனாலும் தவறுகள் நேர்வதுண்டு. சில ரகங்களில் நிறத்தை அமுக்கிவிடும் வேறொரு ஜீன் இருப்பதால் ஊதா தெரிவதே இல்லை. அத்தகைய ரகங்களில், முளைத்த பிறகு வேரின் நிறத்தையோ செடியின் உயரத்தையோ பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது.

செங்காந்தளின் உதவி

ஒற்றைமடி மணி கிடைத்துவிட்டது. ஆனால் அது மலட்டுச் செடியாகத்தானே வளரும்? புளியங்கொட்டை ஆட்டத்தில் இரண்டாவது கொட்டையைப் பக்கத்தில் வைத்தோமே, அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அதாவது 10 குரோமோசோம்களை 20 ஆக்க வேண்டும்.

செல் பிரியும்போது முதலில் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் போல் ஒன்றை உண்டாக்கிக் கொள்கிறது. பிறகு நுண்ணிய இழைகள் அவற்றை இரண்டு பக்கமும் பிரித்து இழுக்கின்றன. அந்த இழைகள் உண்டாகாமல் தடுத்துவிட்டால், இரட்டித்த குரோமோசோம்கள் பிரிய வழியின்றி ஒரே செல்லில் தங்கிவிடும். 10 என்பது 20 ஆகிவிடும். இப்படித் தடுக்கும் பொருள் கோல்ச்சிசின். 1937-ல் இதன் ஆற்றலைத் தாவரங்களில் விரிவாகக் காட்டியவர்களில் முன்பு சொன்ன பிளேக்ஸ்லியும் ஒருவர்.

கோல்ச்சிசின் எங்கிருந்து கிடைக்கிறது தெரியுமா? ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பூக்கும் ஒரு கிழங்குச் செடியிலிருந்தும், நம் ஊர்க் கண்வலிக்கிழங்கிலிருந்தும். ஆம், தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான். கரூர், திருப்பூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பந்தலிட்டு இதைப் பயிர் செய்கிறார்கள். விதை மருந்துக்காக ஏற்றுமதியாகிறது. கீல்வாத நோய்க்கு மருந்தாகும் இப்பொருள் அளவு மீறினால் உயிரைக் கொல்லும் நஞ்சு. செடியின் எந்தப் பகுதியும் வாயில் படக் கூடாது. ஆகவே, மாணவர்களே, தாயத்தோடு நிறுத்திக் கொள்ளுங்கள். கிழங்கைத் தோண்டி ஆராய்ச்சி செய்யக் கிளம்ப வேண்டாம்.

ஆராய்ச்சி நிலையங்களில் முளைவிட்ட விதையின் குருத்து நுனியைச் சற்றே நறுக்கி, மிக நீர்த்த கோல்ச்சிசின் கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்து, கழுவி, தொட்டியில் நடுகிறார்கள். எல்லாச் செடிகளும் பிழைப்பதில்லை. பிழைத்தவற்றிலும் எல்லாவற்றிலும் குரோமோசோம் இரட்டிப்பதில்லை. இரட்டித்த பகுதியிலிருந்து மகரந்தமும் கதிரும் வந்தால், அந்த மகரந்தத்தை அந்தக் கதிரிலேயே தூவுகிறார்கள். விளையும் மணி ஒவ்வொன்றும் எல்லா ஜீன்களிலும் தூயது. ஒட்டுச் செடியில் ஸ்டாக் 6 வழிவந்த மகரந்தத்தைத் தூவ ஒரு பருவம், இரட்டிக்க ஒரு பருவம். இரண்டே பருவங்களில் வேலை முடிந்தது.

இன்னொரு லாபமும் உண்டு. வேறு வேறு குரோமோசோம்களில் இருக்கும் மூன்று நல்ல ஜீன்கள் ஒரே செடியில் தூயதாகச் சேர வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். கலப்புச் செடியின் தன் மகரந்தச் சேர்க்கையில் பிறக்கும் முதல் தலைமுறையில், ஒவ்வொரு ஜீனுக்கும் நான்கில் ஒன்றுதான் வாய்ப்பு. மூன்றுக்கும் சேர்த்து 4 × 4 × 4, அதாவது 64 செடிகளில் ஒன்று. ஒற்றைமடி வழியில் ஒவ்வொன்றுக்கும் இரண்டில் ஒன்று. 2 × 2 × 2, அதாவது எட்டில் ஒன்று. பத்து ஜீன்களுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட செடிகளில் ஒன்று என்பது 1024-ல் ஒன்றாகக் குறைந்துவிடும். மேலும், கலப்புச் செடியில் ஒரு கெட்ட ஜீன் நல்ல ஜீனின் நிழலில் ஒளிந்துகொள்ளும். ஒற்றைமடியில் ஒளிய இடமேது? கெட்டது உடனே வெளிப்பட்டு, அந்தச் செடி நோஞ்சானாகிச் சாகும். விஞ்ஞானிக்கு அதுவும் நல்லதுதான்.

கென்யாவில் 2013-ல் நைவாஷா என்னுமிடத்தில் அந்த வைரஸ் நோய்க்கான சோதனை வயல்கள் அமைந்தன. அதே ஆண்டில் கிபோகோவில், ஒற்றைமடிச் செடிகளை இரட்டித்துக் கால்வழி எடுப்பதற்கென்றே ஒரு நிலையத்தை ‘சிம்மிட்’ எனப்படும் சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி மையம் அந்நாட்டு வேளாண் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து தொடங்கியது. நோயைத் தாங்கும் ஒட்டு ரகங்கள் அடுத்த சில ஆண்டுகளில் விவசாயிகளை எட்டின.

நான்கு எழுத்துப் பிழை

இவ்வளவு வேலை வாங்கியும், ஸ்டாக் 6-ல் பழுதான ஜீன் எது என்பது 58 ஆண்டுகள்வரை தெரியவில்லை. 2017-ல் அமெரிக்கா, பிரான்சு, சீனா ஆகிய நாடுகளைச் சேர்ந்த மூன்று குழுக்கள் தனித்தனியே ஒரே ஜீனைக் கண்டுபிடித்தன. ஒரு குழு அதற்கு ‘தாய்வழி’ என்று பொருள்படும் பெயரை வைத்தது. பிரெஞ்சுக் குழு வைத்த பெயருக்கு ‘அப்பா சாயல் இல்லை’ என்று பொருள்! சீனக் குழுவோ நொதியின் பெயரையே வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

மகரந்தத்தில் மட்டுமே வேலை செய்யும் ஜீன் அது. செல் சவ்வில் உள்ள கொழுப்புப் பொருளை வெட்டும் ஒரு நொதியை அது உண்டாக்குகிறது. ஸ்டாக் 6-ல் அந்த ஜீனின் கடைசிப் பகுதியில் டி.என்.ஏ. எழுத்துக்கள் நான்கு கூடுதலாக நுழைந்துவிட்டன. நான்கே எழுத்துக்கள்! அதற்கா இவ்வளவு விளைவு?

ஜீன் மூன்று மூன்று எழுத்துக்களாகப் படிக்கப்படுகிறது. தமிழிலும் அப்படி ஒரு வாக்கியம் எழுதிப் பார்ப்போம். புள்ளி எழுத்தையும் ஓர் எழுத்தாக எண்ணுங்கள்.

முருகா பசுவை ஓட்டி வந்து கட்டு.

‘ஓ’ என்ற எழுத்துக்குப் பின் க, த, ச என்ற மூன்று எழுத்துக்கள் தவறுதலாக நுழைந்தால்:

முருகா பசுவை ஓகத சட்டி வந்து கட்டு.

நடுவில் உளறினாலும் கடைசி இரண்டு சொற்கள் தப்பிவிட்டன. ஆனால் க, த, ச, ப என்று நான்கு எழுத்துக்கள் நுழைந்தால்:

முருகா பசுவை ஓகத சபட் டிவந் துகட் டு.

அதற்குப் பிறகு ஒரு சொல்கூட உருப்படவில்லை. மூன்றால் வகுபடாத எண்ணிக்கையில் எழுத்துக்கள் நுழைந்தால் அங்கிருந்து கடைசிவரை எல்லாம் குழம்பும். நொதியின் வால்பகுதி உருக்குலைந்து, அது தன் இடத்தில் நிலைத்து வேலை செய்ய முடியாமல் போகிறது. அமெரிக்கக் குழு, சாதாரண மக்காச்சோளத்தில் இதே ஜீனை வேண்டுமென்றே வெட்டிப் பழுதாக்கிப் பார்த்தது. அதன் மகரந்தமும் சராசரியாக நூற்றுக்கு 6.7 ஒற்றைமடி மணிகளைத் தந்தது. குற்றவாளி இந்த ஜீன்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் சவ்வில் ஏற்படும் இந்தக் கோளாறினால் தந்தையின் குரோமோசோம்கள் கருவுக்குள் வந்த பின் சிதைகின்றனவா, அல்லது முட்டை கருவுறாமலே வளரத் தொடங்கிவிடுகிறதா என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் வாதம் நடக்கிறது. இரண்டுக்கும் சாட்சியங்கள் இருக்கின்றன. 2019-ல் சீனாவில் கண்டறியப்பட்ட இன்னொரு ஜீனும் பழுதானால், ஒற்றைமடி மணிகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடுகிறது.

ஜீன் தெரிந்ததில் ஒரு பெரிய நன்மை, மற்றப் பயிர்களிலும் அதைத் தேடலாம். 2018-ல் நெல்லில் இதே ஜீனின் உறவுக்கார ஜீனைப் பழுதாக்கியபோது, நூற்றுக்கு 2 முதல் 6 வரை ஒற்றைமடி விதைகள் கிடைத்தன. ஆனால் நெல்லில் வேலை சுலபமல்ல. நெற்பூ தனக்குத் தானே கருவுறும் பூ. மாற்று மகரந்தம் தூவுவதற்கு முன், திறக்காத ஒவ்வொரு சிறு பூவிலும் நுழைந்து ஆறு மகரந்தப் பைகளையும் அகற்ற வேண்டும். அவ்வளவு பாடுபட்டால் ஒரு பூவுக்கு ஒரு நெல். மக்காச்சோளத்தில் ஒரு கதிரில் தூவினால் நூற்றுக்கணக்கான மணிகள்!

வடம் பிடிக்க வளையம் இல்லாவிட்டால்

முற்றிலும் வேறான இன்னொரு வழியும் உண்டு. 2010-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து டேவிஸ் வளாகத்தில் மருதாசலம் ரவியும் சைமன் சானும் அதை வெளியிட்டார்கள். ரவி பின்னர் திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வைத் தொடர்ந்தார்.

செல் பிரியும்போது இழைகள் குரோமோசோம்களை இழுக்கின்றன என்று சொன்னோம். இழைகள் கண்ட இடத்தில் பிடிப்பதில்லை. தேரில் வடம் கட்டுவதற்கு இரும்பு வளையம் இருப்பதுபோல, ஒவ்வொரு குரோமோசோமிலும் சென்ட்ரோமியர் என்ற ஓரிடம் உண்டு. ஒரு சிறப்பான புரதம் அந்த இடத்தை அடையாளம் காட்டுகிறது. ரவியும் சானும் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் அந்தப் புரதத்தின் ஜீனை அழித்துவிட்டு, உரு மாறிய ஒன்றை அதற்குப் பதிலாக வைத்தார்கள். எல்லா வளையங்களும் ஒரே மாதிரி பலவீனமாக இருந்ததால் அந்தச் செடி ஓரளவு ஒழுங்காகவே வளர்ந்தது. ஆனால் அதைச் சாதாரணச் செடியோடு கலந்தபோது, கருவில் நல்ல வளையமுள்ள 5 குரோமோசோம்களும் பலவீன வளையமுள்ள 5 குரோமோசோம்களும் ஒன்றாக வந்தன. இழைகள் நல்லவற்றையே இழுத்துச் சென்றன. மற்றவை வழியில் விடப்பட்டுக் காணாமல் போயின. பிறந்த செடிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஒற்றைமடி! இந்த முறையில் பழுதுள்ள செடி தாயாகவும் இருக்கலாம், தந்தையாகவும் இருக்கலாம். யாருக்குப் பழுதோ அவருடைய குரோமோசோம்கள்தான் மறையும். அது தாயாக இருந்தால், பிள்ளை அப்பாவை மட்டுமே கொண்டு பிறக்கும்.

அந்தச் சின்னஞ்சிறு செடியில் கிடைத்த விகிதம் பயிர்களில் அப்படியே கிடைத்துவிடவில்லை. அதனால் மக்காச்சோள வயல்களில் ஸ்டாக் 6-ன் வழிவந்த கால்வழிகளே இன்றும் வேலை செய்கின்றன. ஜெர்மனியிலும் பிற நாடுகளிலும் தேர்ந்தெடுத்து மேம்படுத்தியதில், இப்போது நூற்றுக்கு எட்டு முதல் பத்து மணிகள்வரை ஒற்றைமடியாகக் கிடைக்கின்றன. வெப்ப நாடுகளுக்கு ஏற்ற கால்வழிகளும் வந்துள்ளன. கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்துக் குனிகல் என்னும் ஊரில், பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகமும் சிம்மிட்டும் சேர்ந்து 2021 டிசம்பரில் இதற்கென ஒரு நிலையத்தைத் திறந்தன. இத்தகைய நிலையங்களில் அறுவடை முடிந்ததும், உலர்த்திய மணிகளை மேசைமேல் பரப்பி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார்கள். உச்சியும் கருவும் ஊதாவாக உள்ளவை ஒரு பக்கம் ஒதுங்கும். ஊதாக் குல்லாயும் வெள்ளைக் கருவும் உள்ள சில மணிகள் மட்டும் தனிக் காகித உறைக்குள் போகும்.